ஆறரை மணிக்கு எடுத்தது

பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது.
டீ கூடாது, பீடி கூடாது.
சைக்கிள் மிதித்து வரக் கூடாது.
வந்ததும் அரை மணி அசையாமல் கிடக்க வேண்டும்,
ஆனால் தூங்கக் கூடாது.
படித்துக் காட்டி முடித்ததும்
பூவனூர் வைரக்கண்ணு கேட்டார்:
‘சும்மா கிடக்குறதுக்கு இத்தனை வேலையாம்மா?’

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
உரக்கடை மாடியில் எங்கள் அறை.
ஒரு கட்டில், ஒரு ஏசி,
தலைமேல் கவிழ்க்கும் கண்ணாடிக் கூடு,
மீன் தொட்டியைக் குப்புறப் போட்ட மாதிரி.
உள்ளே போகும் காற்றுக்கும்
வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான்
உடம்பு எரித்த கணக்கு.
ஒன்றும் செய்யாத மனிதனுக்கு
உயிரோடு இருக்க மட்டும் ஆகும் செலவு.

இருபது நிமிட மூச்சை வாங்கிக்கொண்டு
ஒரு நாள் முழுவதற்கும் பெருக்கிச் சொல்லும் இயந்திரம்.
முதல் வியாழன், காலை ஆறரை:
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கலோரி.

அடுத்த வியாழன் அவர் வந்து சேரவில்லை.
சரக்கு வண்டிக்கு என்ஜினை மாற்றிக்கொண்டிருந்தார்கள்,
கேட் சாத்தியது சாத்தியபடி.
நின்று நின்று பார்த்துத் திரும்பிப் போய்
பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு
சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலில் நின்றார்.
‘மத்தியானம் ஒண்ணும் தொடல.
அமாவாசைன்னு வச்சுக்குங்க.’
அதே கட்டில். அதே குளிர். அதே அசையாத மனிதர்.
ஆயிரத்து முந்நூற்று நான்கு.

குழாயைக் கழற்றிப் பார்த்தேன்.
சிலிண்டர் வாயுவை விட்டு அளவைச் சரிபார்த்தேன்.
இயந்திரத்தில் தப்பில்லை.
தொண்ணூற்றிரண்டு:
ஒன்றரை இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சட்னி.
விரலைக்கூட அசைக்காமல்
சாயங்காலத்துக்கு அவர் கூடுதலாகக் கட்டிய வாடகை.

‘பொழுது சாயும்போது உடம்பு தாராளமாத்தான் எரிக்கும்,
விடியற்காலைதான் அடிமட்டம்.
காலை எண்ணையே எழுது’ என்றார் டாக்டர் ஜெசிந்தா.
படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.

அவரிடம் சொன்னபோது சிரித்தார்.
‘மூணாறு தலைப்புலயும் அப்படித்தாம்மா.
காலைல அளவுகோலப் பாத்து எழுதிட்டுப் போயிடுவாங்க.
ராத்திரி ரெண்டு மணிக்கு
கோரையாத்துல ஓரடி ஏறி இறங்கினது
எனக்கும் தவளைக்கும்தான் தெரியும்.’

ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு என்ன வேலை?

‘மும்முனைக் கரண்ட் அப்பத்தானே விடுறான்.
மோட்டாரப் போட்டு மடையத் தொறந்து
நாத்தங்கால் நனையற வரைக்கும் நிக்கணும்ல.
எனக்குக் கரண்ட் வந்தா விடிஞ்சுது.’

நூற்று நாற்பது பேரை அதுவரை அளந்திருந்தேன்.
காலை என்று அச்சடித்திருப்பது
யாருடைய காலை என்று
ஒருவரிடமும் கேட்டதில்லை.

மூன்றாவது வியாழன்
கெண்டைக்காலில் சேறு காயாமல் வந்தார்.
கூட்டைக் கவிழ்த்த ஏழாவது நிமிடம்
திரையில் கோடு சரியத் தொடங்கியது.
ஆயிரத்து நூற்றைம்பது. நூற்று நாற்பது.
நூற்று இருபத்தெட்டில் வந்து தங்கியது.
கண்ணாடியில் ஒரு சின்ன ஆவி வட்டம்
வருவதும் மறைவதுமாக.

தூங்கினால் செல்லாது.
எழுப்பவும், மறுபடி தொடங்கவும்.
விதி ஒன்பது.

கீழே கேட் இறங்கும் மணி அடித்தது.
அடுத்து வரவேண்டிய அம்மா
அந்தப் பக்கம்தான் நிற்பார்,
அரை மணிக்குக் குறையாது.

இயந்திரத்தை நிறுத்தினேன்.
கூட்டைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்தேன்.
ஏசியைக் குறைத்துவிட்டு
தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கோட்டின் மேல்
எழுதினேன்:
கேட்.